ஹட்டி என்றால் பட்டி

போன வாரம் எங்கள் பழைய வரைபட ஆபீசிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் நளினி. இப்போது அங்கே கம்ப்யூட்டரில் மேப் போடுகிறவர்களில் ஒருத்தி. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர மேஜை இன்னும் இருக்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“சார், தும்கூர் பக்கத்துக் காவல் நிலம் ஷீட்டிலே ஹொன்னய்யனஹட்டின்னு ஒரு ஊர் இருக்கு. பழைய பதிப்புலே இல்லே, அடுத்த பதிப்புலே திடீர்னு முளைச்சிருக்கு. பேர் எப்படி வந்துச்சுன்னு நாங்க எழுதணும். ஆபீசிலே ஒருத்தர் ஹொன்னய்யா ஒரு பாளையக்காரன்ங்கறார். இன்னொருத்தர் சாமியார்ங்கறார். சரி, ஊருக்கே போய்க் கேட்டோம். அங்கே ஒரு பெரியவர், அது ஒரு ஆடுங்கறார். எதை சார் எழுதறது?”

எனக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. “நாலு நாள் கொடும்மா, சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். அவளுக்குத் தேவை ஒரு வரி. ஆனால் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவனுக்கு எதையும் ஒரு வரியில் சொல்ல வராது. அதனால்தான் இந்தக் கட்டுரை. நளினிக்கு உண்டான வரி கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் அங்கே தாவிக்கொள்ளலாம். நானாக இருந்தால் தாவியிருப்பேன்.

இன்டர்மீடியட் முடித்த கையோடு எனக்கு அந்த வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் போட்ட மேப்புகளைத் திருத்திப் புதிதாக அச்சிடுகிற காலம். எங்கள் தெருவில் பெரும்பாலும் மில் வேலை, பங்களா வேலை. அட்லஸைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் நான் ஒருவன்தான்.

“ஏகாம்பரத்துக்கு இன்னா வேலை கெடச்சிருக்குது?” என்று பக்கத்து வீட்டுக்காரர் என் அப்பாவைக் கேட்டார்.

“பூமியை வரையறானாம்.”

“அதான் ஏற்கெனவே இருக்குதே, எதுக்கு இன்னொண்ணு?”

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. புல் வரைந்தேன். முதல் வருஷம் முழுக்கப் புல். நடுவில் ஒரு நெட்டைக் கோடு, இரண்டு பக்கமும் குட்டைக் கோடுகள், அது ஒரு கொத்து. மைசூர் ராஜ்யத்தில் மகாராஜாக்களின் மாடுகள் மேய்வதற்கென்று விட்டுவைத்த பெரிய பெரிய புல்வெளிகள் இருந்தன. காவல் என்று பெயர். மரம் கிடையாது, வயல் கிடையாது, கண்ணுக்கெட்டிய மட்டும் புல். அந்த ஷீட்டுகளெல்லாம் புதிதாகச் சேர்ந்தவன் தலையில்தான் விழும். கனவில்கூடப் புல் வரைந்தேன். எங்கள் வீட்டு எருமை என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தது.

என் புல்லைச் சரிபார்த்தவர் தலைமை வரைவாளர் பொன்னையா. காக்ஸ் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்குழுவில் அடிக்குரல். மற்ற நாட்களில் எங்களிடம் அதே குரல். வெயில் காலத்திலும் கறுப்புக் கோட்டு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. ஒரு ஷீட்டை விரிப்பதற்கு முன் கைகளை ஈரத் துணியில் துடைப்பார், பிறகு உலர்ந்த துணியில் துடைப்பார், பிறகு மூக்கைத் துடைப்பார்.

“மூக்கு எதுக்கு சார்?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“ஒரு சொட்டு விழுந்தா அது குளம்டா. குளம்னா அதுக்குக் கரை வேணும், மதகு வேணும். யாரு போய்க் கட்டறது?”

கண்ணாடியைக் கோட்டின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார். மூச்சு விட்டால் தப்பு இல்லை என்று அர்த்தம். சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தால் தொலைந்தோம். பிளேடின் மூலையை எடுத்து, தப்பான மசியைக் காகிதத்தின் மேல்தோலோடு சுரண்டி, ‘ஃபூ’ என்று ஊதிவிடுவார். நாள் முழுக்க நான் வரைந்த ஒரு குன்று கறுப்புத் தூளாகி அவர் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்விடும்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கன்னடம். அவருக்குக் கன்னடம் தெரியாது. கன்னடத்தின் ரகசியம் தெரியும்.

“பாலு, ஹாலு. பல்லு, ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பார்த்தியா ஏகா? பானாவைத் தூக்கிட்டு ஹா போடு. கன்னடம் முடிஞ்சுது. இதுக்குப் போய் ஸ்கூல் வெச்சு நடத்தறான்.”

இதை அவர் சொல்லிக்காட்டுவதோடு நிறுத்துவதில்லை. கேன்டீனில் ராமண்ணாவிடம் போய் “ஹன்னு கொடப்பா” என்பார். அவருக்கு வேண்டியது பன். கன்னடத்தில் பழத்துக்கு அந்த மாதிரி ஒரு சொல். ராமண்ணா வாழைப்பழத்தை நீட்டுவார். “பன்னு தீர்ந்துபோச்சு போல, பாவம், இருக்கறதைக் கொடுக்கறான்” என்று பொன்னையா பழத்தை உரித்துக்கொண்டே வருவார். கண்ணாடி அலமாரியில் பன்கள் அடுக்கி வைத்திருக்கும். விதி மட்டும் என்றைக்கும் தப்பாது.

இந்த விதியைத் திருப்பிப் போட்டும் வைத்திருந்தார். கன்னட ஊர்ப் பெயரில் ‘ஹ’ வந்தால் ‘ப’ ஆக்கிப் படி, அர்த்தம் தெரிந்துவிடும். அப்படித்தான் ஹட்டி வந்து மாட்டிக்கொண்டது. காவல் நிலங்களில் ஆடு மேய்க்கிறவர்கள் குடும்பம் குட்டியோடு இருக்கிற குடியிருப்புக்குக் கன்னடத்தில் ஹட்டி என்று பெயர். பொன்னையாவுக்கு ஹட்டி என்றால் பட்டி. பட்டி என்றால், தெருவில் திரிகிற மாட்டைப் பிடித்து அடைத்துவைக்கிற இடம். காக்ஸ் டவுனில் அவர் வீட்டுப் பசு இரண்டு தடவை அங்கே போய் வந்திருக்கிறது.

எங்கள் செக்‌ஷனில் செல்லப்பா என்று ஒருவன், சாத்தூர்ப் பக்கம். அவனால் பொறுக்க முடியவில்லை.

“சார், எங்க ஊரே மேட்டுப்பட்டி. எங்க பக்கம் பட்டின்னு முடியாத ஊரே கம்மி. நாங்க எல்லாம் மனுஷங்கதானே?”

பொன்னையா அவனை மேலும் கீழும் பார்த்தார். “அது உன் அபிப்பிராயம்.”

ஆக, வெள்ளைக்காரன் ஷீட்டில் வெறும் எழுத்தாக ‘ஹட்டி’ என்று இருந்த இடத்திலெல்லாம், அடுத்த திருத்தத்தில் ஆட்டுப்பட்டிக்கு உண்டான புள்ளி வைத்த வட்டம் வந்தது. எழுத்தையும் எடுத்துவிட்டார். பட்டிக்கு எதற்குப் பேர்?

வட்டங்கள் பாட்டுக்குப் புல்லுக்கு நடுவே கிடந்திருக்கும். அப்போதுதான் பட்டாளத்துக்குப் பீரங்கி சுட்டுப் பழக ஒரு மைதானம் வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் ஷீட்டைப் பார்த்து அவர்கள் இடம் தேர்ந்திருந்தார்கள். அத்தனை பெரிய புல்வெளி, ஆள் நடமாட்டமே கிடையாது, நடுவில் ஒரே ஒரு ஆட்டுப்பட்டி. ஆட்டை ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது. வரைபட ஆபீஸ் நேரில் பார்த்து, மனிதர் இல்லை என்று ஒரு சான்று கொடுத்தால் போதும்.

என்னை அனுப்பினார்கள். என்னோடு சாமான் தூக்க கலாசி முனுசாமி, ஜீவனஹள்ளிக்காரன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வருஷமாக நான் வரைந்த புல்லை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன்! பஸ்ஸிலிருந்து இறங்கி மாட்டு வண்டி, வண்டியிலிருந்து இறங்கி நடை. புல் உண்மையில் கொத்துக் கொத்தாக இல்லை, எல்லா இடத்திலும் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

புள்ளி வட்டத்தை நெருங்கும்போது முனுசாமி நின்றான். “ஏகாம்பரம், ஆடு கோழி வளக்குமா?”

“ஏன்பா?”

“அங்கே கோழி மேயுது. வாசல்லே சாணி தெளிச்சிருக்குது. கொடியிலே சீலை காயுது. படிச்சவன், நீயே சொல்லு, ஆடு சீலை கட்டுமா?”

புல் வேய்ந்த குடிசைகள் வரிசையாக இருந்தன. நடுவில் முள்வேலி போட்ட ஆட்டுப்பட்டி ஒன்றும் இருந்தது. அதை மட்டும் பொன்னையா சரியாகத்தான் சொல்லியிருந்தார். குடிசை வாசலில் நின்றவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெம்பம்மா! குளிர்காலமானால் மர்பி டவுனில் தெருத்தெருவாகக் கம்பளி விற்க வருகிறவள். நான் போர்த்துக்கொண்டு தூங்குவது அவள் கொடுத்த கம்பளியைத்தான். தமிழ் சரளமாகப் பேசுவாள், கன்னடத்தை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு.

“ஏனப்பா, நம்ம ஹட்டி வரைக்கும் வந்துட்டே? கம்பளி கிழிஞ்சுபோச்சா?”

“இல்லேம்மா, மேப் வேலையா வந்தேன். மேப்புலே உங்களுக்கு வீடே போடலே. வெறும் குறிதான் போட்டிருக்கு.”

அவள் இடுப்பில் கை வைத்தாள். “குரியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் குரி என்றால் ஆடு.

“எங்களைப் பார்த்தா குரி மாதிரியா இருக்கு? எவன் போட்டான் எங்களை குரின்னு?”

“ஐயோ, அந்தக் குரி இல்லேம்மா. எங்க பாஷையிலே குறின்னா அடையாளம். ஆட்டுப்பட்டிக்குன்னு ஒரு அடையாளம் உண்டு, அதைப் போட்டிருக்காங்க.”

“அதைத்தானே நானும் சொன்னேன்?”

பீரங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபம் அடங்கிவிட்டது; அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குடிசைகளுக்குப் பின்னால் கற்கள் நட்டிருந்த இடத்தைக் காட்டினாள். அவளுடைய மாமியாரும் மூத்த பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள்.

“ஆடு புல்லு இருக்கற இடத்துலே இருக்கும். நாங்க ஆடு இருக்கற இடத்துலே இருப்போம். இதை விட்டா எங்கே போறது, சொல்லு? உன் மேப்புலே வேறே புல்லு காட்டு, போறேன்.”

புல் வரைந்தவன் நான். காட்ட முடியவில்லை.

அன்றே பிளேன் டேபிளை வைத்தேன். அது ஒன்றும் பெரிய யந்திரம் இல்லை. முக்காலி மேல் பலகை, பலகை மேல் ஷீட். தூரத்தில் தெரிகிற மூன்று குன்றுகளைப் பார்த்து மூன்று கோடுகள் இழுத்தால், மூன்றும் சேருகிற புள்ளியில் நீ நிற்கிறாய். மூன்றும் சேராமல் ஒரு சின்ன முக்கோணம் விழுந்தால், பலகையைத் திருப்பித் திருப்பி அந்த முக்கோணத்தைச் சுருக்கிப் புள்ளியாக்க வேண்டும். ஆக்கினேன். குடிசைக்கு ஒரு கட்டமாக அத்தனையும் குறித்துக்கொண்டு, பெங்களூர் திரும்பி, என் ஆயுளிலேயே மிக அழகான மசிக் கட்டங்களைப் போட்டுப் பொன்னையா முன்னால் வைத்தேன்.

மூச்சு உள்ளே போனது. பிளேடு வெளியே வந்தது. “கூரை என்ன?”

“கம்பும் புல்லும் சார்.”

“பட்டிக்கும் அதுதான்.”

“உள்ளே ஆளுங்க இருக்காங்க சார்.”

“காவக்காரன். எல்லாப் பட்டிக்கும் காவக்காரன் உண்டு.”

“பொண்டாட்டி புள்ளையோட இருக்காங்க சார்!”

“குடும்பஸ்தனான காவக்காரன். கோயில் இருக்கா?”

“சாமியை ஒரு கூடையிலே வெச்சிருக்காங்க. தூரத்து மேய்ச்சலுக்குப் போறப்போ கூடவே எடுத்துட்டுப் போயிடறாங்க.”

“நகர்ற கோயிலுக்குக் குறி கிடையாது. வேற என்ன இருக்கு?”

“சமாதி இருக்கு சார்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதை முதல்லே சொல்லக் கூடாதா? சமாதிக்குக் குறி இருக்கே!” தன் சொந்தப் பேனாவை எடுத்து, சமாதிக் குறியை அச்சு மாதிரி போட்டார். “செத்தவங்க வந்தாச்சு. இருக்கறவங்க அவசரப்படக் கூடாது.”

பிறகு என் குடிசைகளைச் சுரண்டி ஊதினார். இப்போது ஷீட்டில் ஒரு ஆட்டுப்பட்டியும் அதற்குப் பக்கத்தில் சமாதிகளும் இருந்தன. தெரியாதவன் பார்த்தால், அங்கே ஆடுகள் ரொம்ப மரியாதையாக யாரையோ அடக்கம் செய்திருக்கின்றன என்று நினைப்பான்.

நான் விடவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி சுரண்டினார். வயசு அப்படி. அந்த இடத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. இன்னொரு தடவை சுரண்டினால் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்துவிடும், பீரங்கி இல்லாமலேயே. சான்றைத் தட்டெழுத்தில் அடித்துக் கையெழுத்துக்கு அவர் மேஜையில் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் கெம்பம்மா பெங்களூர் வந்தாள். குளிர்காலம்கூட இல்லை. தலையில் கம்பளி மூட்டையோடு மர்பி டவுனுக்கு வந்து, என் அம்மாவிடம் ஆபீஸ் எங்கே என்று விசாரித்து, நேரே எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டாள். காவலாளி தடுக்கவில்லை, அவனும் அவளிடம் கம்பளி வாங்கியவன்.

“இங்கே பொன்னையா யாரு?”

“நான்தான். கம்பளி வேண்டாம்.”

அவள் மூட்டையைத் தூக்கி அவர் மேஜை மேல், அந்த உலர்ந்த துணி மேல், வைத்தாள். “நான் ஆடா?”

ஹாலில் அத்தனை பேனாக்களும் நின்றுவிட்டன.

“அம்மா, நான் அப்படிச் சொல்லலே. ஷீட்டு சொல்லுது.”

“ஷீட்டு என்னை வந்து பார்த்துச்சா?”

“ஷீட்டு எப்படிம்மா பார்க்கும்? யாராவது நேர்லே போய்ப் பார்த்து...” அவர் கண் மேஜையிலிருந்த சான்றின் மேல் போனது. ‘நேரில் பார்த்து’ என்றுதான் அதுவும் ஆரம்பித்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

“நீ பார்த்தியா சாமி?”

பொன்னையா மூச்சை உள்ளே இழுத்தார்.

இப்படித்தான், வேலையில் சேர்ந்த நாள் முதல் பெங்களூர் எல்லையைத் தாண்டாத எங்கள் தலைமை வரைவாளர் களத்துக்குப் புறப்பட்டார். கறுப்புக் கோட்டு, சோலாத் தொப்பி, குடை, டிபன் பெட்டியில் பன். பஸ்ஸில் வழி முழுக்க, ஷீட்டில் இல்லாத ஒவ்வொரு மரத்தையும் பார்த்து “அது எப்போ வந்தது?” என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

ஹட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். எங்களை வரவேற்றவை இரண்டு நாய்கள். என்னையும் முனுசாமியையும் அவை போன தடவையே முகர்ந்து முடித்திருந்தன. கோட்டு போட்ட மனிதரை அவை பார்த்ததில்லை.

“கெம்பம்மா, நாயைக் கூப்பிடும்மா!” என்று நான் கத்தினேன்.

“அது என் பேச்சைக் கேக்காது. என் வூட்டுக்காரர் பேச்சைத்தான் கேக்கும். அவர் மந்தையோட போயிருக்கார். நீ பட்டிக்குள்ளே போயிடு சாமி, வெறும் பட்டிக்குள்ளே நாய் வராது.”

அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முள்படலை நகர்த்தி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். நாய்கள் வாசலில் படுத்துவிட்டன. இவர் வெளியே வருவதானால் கெம்பம்மாவின் புருஷன் சிக்கண்ணா திரும்பி வர வேண்டும். அவர் ஆடுகளோடு சாயந்திரம்தான் வருவார்.

கொஞ்ச நேரம் பொன்னையா நடுவில் நின்றார். பிறகு வேலை செய்யாமல் இருக்க முடியாதவராகையால் பிளேன் டேபிளைக் கேட்டார். வேலிக்கு மேலாகக் கொடுத்தேன். மூன்று குன்று, மூன்று கோடு. சின்ன முக்கோணம் விழுந்தது. அதைக் கலைத்தார். மறுபடி போட்டார். பன்னைத் தின்றுகொண்டே அதைவிடச் சின்ன முக்கோணத்தைப் பிடித்தார். கடைசியில் ஒரு ஊசிமுனை.

“ஏகா! புள்ளி வட்டத்துக்கு நட்ட நடுவுலே இருக்கேன்டா! பார்த்தியா, பட்டின்னு நான் போட்டது எவ்வளவு சரின்னு?” பாட்டுக்குழுவில்கூட அப்படி ஒரு குரலை அவர் எடுத்திருக்கமாட்டார். “எழுது. புள்ளி வட்டமிட்ட இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். அது ஆட்டுப்பட்டிதான். அந்த இடத்தில் மனிதர் யாரும் இல்லை.”

“நீங்க இருக்கீங்களே சார்.”

“நான் அதிகாரி. எழுதுடா.”

வேலிக்கு வெளியே நின்று பென்சிலால் எழுதினேன். பேனா அவரிடம், காகிதம் என்னிடம், நடுவில் முள்; காகிதம் கிழிந்துவிடும் என்று வேலிக்கு மேலாக வாங்கமாட்டேன் என்றுவிட்டார். கையெழுத்து வெளியே வந்த பிறகு என்று தள்ளிப்போனது. கெம்பம்மா வாசலில் உட்கார்ந்து நூல் முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேனோ என்னவோ.

பொழுது சாய்கிற நேரத்தில் மந்தை திரும்பியது. அந்தப் பக்கத்து ஆடுகள் எல்லாம் கறுப்பு. புழுதியைக் கிளப்பிக்கொண்டு கறுப்பு வெள்ளமாக வந்தன. யாரும் எதுவும் சொல்வதற்குள் நாய்கள் எழுந்து வழி விட, சிக்கண்ணா முள்படலைத் திறக்க, ஆடுகள் உள்ளே பாய்ந்தன. பொன்னையாவின் சோலாத் தொப்பி முதலில் மறைந்தது. பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு அவையும் புழுதியில் போய்விட்டன.

சிக்கண்ணா வாசலில் குனிந்து, உள்ளே போகிற ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தொட்டு எண்ணினார். எல்லாம் போன பிறகு படலைச் சாத்தி, வழக்கம்போல வேலியோரமாக நடந்து முதுகுகளை இன்னொரு தடவை எண்ணினார். நின்றார்.

“ஒந்து ஜாஸ்தி” என்றார். ஒன்று அதிகம்.

மறுபடி எண்ணினார். “ஜாஸ்தியேதான்.” வேறு மந்தை ஆடு வந்து கலந்திருக்கிறது என்று உள்ளே போய்க் கையாலேயே தடவிப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு கோட்டின் பின்பக்கம் கையில் சிக்கியது. “கெம்பி, இது யாரோடது? நல்ல ரோமம், ஆனா நாத்தம் வேற மாதிரி இருக்கு.”

அப்போது பட்டிக்குள்ளிருந்து அந்த அடிக்குரல் எழுந்தது.

“டேய்! நான் ஆடு இல்லேடா! மனுஷன்!”

ஆடுகள்கூட ஒரு நொடி அடங்கிவிட்டன. கெம்பம்மா நூலைக் கீழே வைத்தாள்.

“யாரு சாமி?”

“மனுஷன்!”

“எங்கே?”

“பட்டிக்குள்ளே! பட்டிக்குள்ளே மனுஷன் இருக்கேன்!”

நான் பென்சிலை எடுத்தேன். “சார், அதையும் எழுதிக்கட்டுமா?”

சிக்கண்ணா அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். கெம்பம்மா மோர் கொடுத்தாள். கோட்டெல்லாம் புழுக்கை, ஷீட் மட்டும் ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. மோரைக் குடித்துவிட்டு, நான் எழுதியிருந்த காகிதத்தை வாங்கி, பேனாவைத் திறந்தார். ‘அந்த இடத்தில் மனிதர் யாரும் இல்லை.’ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னையா தப்பில் கையெழுத்துப் போடக்கூடியவர். ஆனால் அது தப்பு என்று தெரியாத வரைக்கும்தான். ‘யாரும் இல்லை’ என்பதை அடித்து, ‘ஒருவர் இருந்தார்’ என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். குடிசைகளிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. சிக்கண்ணா நாயோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள் ஓடின. ‘ஒருவர்’ என்பதையும் அடித்தார். ‘குடும்பங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளிச்சம் போவதற்குள் ஒவ்வொரு குடிசையாக நடந்து, குடைநுனியால் சுவரைத் தொட்டுப் பார்த்து, மெலிந்துபோன அந்த ஷீட்டில் தன் கையாலேயே கட்டங்களைப் போட்டார். பேனா காகிதத்தில் படுவதே தெரியவில்லை.

“பேரு?” என்றார் கடைசியில். “கட்டம் வந்தா பேரு வரணும்.”

“நம்ம ஹட்டி” என்றாள் கெம்பம்மா.

“எல்லாருக்கும் அவங்கவங்க ஊரு நம்ம ஊருதான். அச்சிலே அப்படிப் போட முடியாது.”

சிக்கண்ணா யோசித்துவிட்டுச் சொன்னார்: “வழி தப்பி வந்து எங்க மந்தையிலே சேர்ந்ததை நாங்க விக்கமாட்டோம், வெட்டமாட்டோம். அதுக்கு மட்டும் பேரு வெப்போம். இன்னிக்கு ஒண்ணு ஜாஸ்தி வந்திருக்கே.”

“உன் பேரு என்ன சொன்னே?” என்று கெம்பம்மா அவரைக் கேட்டாள்.

“பொன்னையா.”

“ஹொன்னய்யா” என்று புருஷனிடம் திரும்பிச் சொன்னாள்.

பொன்னையா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “கேட்டியாடா ஏகா? பானாவுக்கு ஹா! நான் சொல்லலே? யோசிக்கவேயில்லே பாரு அந்தம்மா!” விதி பலித்த சந்தோஷத்தில் எந்த ஜீவனுக்குப் பேர் வைக்கிறார்கள் என்று அவர் கவனிக்கவேயில்லை. ஹொன்னய்யனஹட்டி என்று நான் எழுதிக்கொண்டேன்.

பீரங்கி மைதானத்தின் எல்லை ஹட்டியை விட்டு விலகி, பக்கத்து ஓடைக்கு அந்தப் பக்கமாகப் போயிற்று. கெம்பம்மா அதற்கப்புறமும் குளிர்காலம் தவறாமல் மர்பி டவுனுக்கு வந்தாள். பீரங்கி சத்தத்துக்கு ஆடு பழகிவிட்டது, நாய்தான் இன்னும் திட்டுகிறது என்று சொல்வாள். பொன்னையா கேன்டீனில் ஹன்னு கேட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ராஜ்யம் முழுக்க அவர் போட்டிருந்த புள்ளி வட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க எங்களை அனுப்பினார். “வெளியே நின்னு கூப்பிட்டுப் பாரு. பதில் வந்தா ஊரு” என்பதுதான் உத்தரவு. பெரும்பாலும் பதில் வந்தது.

புதிய ஷீட்டின் முதல் அச்சு வந்த அன்று, கைகளைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, கண்ணாடியைப் புல் மேல் நகர்த்திக்கொண்டே போய், ஹொன்னய்யனஹட்டியில் நிறுத்தினார். மூச்சு உள்ளே போனது.

“பட்டி ஒரு மயிரிழை கிழக்கே தள்ளியிருக்கு. நான் நின்ன இடம் இது இல்லே.”

“ஆடு உள்ளே வந்தப்போ உங்களைத் தள்ளிச்சே சார்.”

யோசித்தார். “ஆமாம்” என்றார். மூச்சை விட்டார்.

நேற்று நளினியைக் கூப்பிட்டேன்.

“என்ன சார் எழுதட்டும்? பாளையக்காரனா, சாமியாரா, ஆடா?”

“மனுஷன்னு எழுதும்மா.”

“ஆதாரம்னு கேட்பாங்களே சார்?”

“அவரே சொன்னார்மா. பட்டிக்குள்ளேயிருந்து, உரக்க. நான் வெளியே நின்னு கேட்டேன்.”